பந்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்: பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. இந்தியாவில் பெண்கள் கூடைப்பந்து நன்றாக வேரூன்றிய இடங்களில் கேரளமும் தமிழ்நாடும் உண்டு. நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். மேற்கே போனால் கேரள மின்வாரியத்தின் பெண்கள் அணி, கேரளப் போலீஸ் அணி. சென்னைப் பக்கம் போனால் தெற்கு ரயில்வே அணி. இவர்கள் ஆடும் போட்டிகளைப் பார்த்தவர்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. பயிற்சியைப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் ஆட்டம் புரிவது பயிற்சியில்தான். போட்டியில் பந்து போகும் வேகத்துக்கு நம் கண் ஓடியே களைத்துவிடும். பயிற்சியில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள், நடுவில் நிறுத்துவார்கள், தவறு எங்கே என்று கோச் சத்தமாகச் சொல்வார். புதிதாகப் பார்க்கிறவருக்கு அதைவிட வேறு பாடம் வேண்டாம்.

இவர்கள் எப்படித் தொழில்முறை வீராங்கனைகள்?

அமெரிக்காவில் டபிள்யூஎன்பிஏ என்ற பெண்கள் லீக் 1997-ல் ஆடத் தொடங்கியது. அங்கே வீராங்கனைகள் ஒரு கிளப்போடு ஒப்பந்தம் போட்டு, அதற்காகவே சம்பளம் வாங்குகிறார்கள். நம் நாட்டில் வழி வேறு. ரயில்வே, மின்வாரியம், போலீஸ் போன்ற துறைகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து, தங்கள் அணிக்காக ஆட வைக்கின்றன. மாதச் சம்பளம் துறையிலிருந்து வரும், காலையும் மாலையும் மைதானத்தில் உழைப்பு இருக்கும். இதுவும் முழுமையான தொழில்தான். இந்தப் பெண்கள் கூடைப்பந்து ஆடித்தான் வீட்டுக்கு அரிசி வாங்குகிறார்கள், தம்பி தங்கையைப் படிக்க வைக்கிறார்கள்.

சில பெயர்களைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. கோட்டயம் பக்கத்துக் கீது அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வேக்காக ஆடியவர். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கும் ஆடினார். 2011-ல் டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். 2014-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, அதே தெற்கு ரயில்வேயிலிருந்து வந்து, இந்திய அணிக்குத் தலைமை ஏற்று, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். வயநாட்டிலிருந்து வந்த பி.எஸ்.ஜீனா கேரள மின்வாரிய அணியில் ஆடிக்கொண்டே இந்திய அணியின் கேப்டன் ஆனார். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை வென்று முதல் பிரிவுக்கு ஏறினார்கள். அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தது இப்படிப்பட்ட துறை அணிகளின் அன்றாடப் பயிற்சிதான். நீங்கள் பார்க்கப் போவதும் அதைத்தான்.

எங்கே, எப்போது என்று விசாரிப்பது

பயிற்சி நடக்கும் இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் எங்கோ படித்ததை நம்பிப் பஸ் ஏற வேண்டாம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிடி டீச்சரிடமோ பிடி சாரிடமோ முதலில் கேளுங்கள். கூடைப்பந்து தெரிந்த பிடி டீச்சருக்கு மாவட்டக் கூடைப்பந்துக் கழகத்தில் யாரையாவது தெரிந்திருக்கும், அவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கோச்சைத் தெரிந்திருக்கும். உள்ளூர்ப் போட்டிகளில் விசில் ஊதும் ரெஃப்ரிகளும் நல்ல தகவல் சொல்வார்கள். எந்த அணி எங்கே முகாமிட்டிருக்கிறது என்பது அவர்கள் காதுக்குச் சீக்கிரம் வந்துவிடும்.

பெரிய போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் நடக்கும் முகாம்தான் பார்க்க மிகவும் உகந்தது. தேசிய சாம்பியன்ஷிப்புக்கு முன்னால் மாநில அணிக்கு முகாம் நடக்கும். துறை அணிகளிலிருந்து தேர்வானவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். போட்டி முடிந்த மறுவாரம் போனால் ஏமாற்றமாக இருக்கும், பாதிப் பேர் லீவில் இருப்பார்கள்.

மழையையும் கணக்கில் வையுங்கள். ஜூனில் இடவப்பாதி தொடங்கினால் திறந்தவெளி கோர்ட்டுகள் நனைந்து கிடக்கும். அக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் மாலை மழை சகஜம். அந்த மாதங்களில் கூரை போட்ட அரங்கத்தில் பயிற்சி நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பிரச்சினை குறைவு, பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை.

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்தவர்களுக்குக் கோயம்புத்தூர்தான் கிட்டே. அங்கே பெண்களுக்காக சிஆர்ஐ பம்ப்ஸ் கோப்பை என்ற அகில இந்தியப் போட்டி நடக்கும். பல மாநிலங்களின் துறை அணிகள் வரும். ஆட்டம் மாலையில் என்றால், ஒவ்வொரு அணியும் காலையில் வந்து கொஞ்ச நேரம் பந்து போட்டுப் பார்த்துவிட்டுப் போகும். வாளையார் தாண்டி அதிகாலையிலேயே போய்ச் சேர்ந்தால் ஒரே நாளில் பல அணிகளை அருகில் இருந்து பார்க்கலாம்.

போய்ச் சேருவது

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துத் தம்பானூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கேஎஸ்ஆர்டிசி பஸ்கள் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் போகும். பாலராமபுரம் சந்திப்பில் காலை எட்டு மணிக்குமேல் நெரிசல் அதிகம். காலைப் பயிற்சி பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வெகுநேரம் முன்பே அந்த இடத்தைக் கடந்திருக்க வேண்டும். நாகர்கோவில், இரணியல், குழித்துறைக்காரர்களுக்கு ரயில் வசதி. திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே தம்பானூர் பஸ் நிலையம். ஜிம்மி ஜார்ஜ் உள்ளரங்கம் என்றால் வெள்ளையம்பலத்தில் இறங்க வேண்டும், சாஸ்தமங்கலம் போகும் பஸ்கள் அந்த வழிதான். காரியவட்டத்தில் உள்ள எல்என்சிபிஇ (லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி) வளாகம் என்றால் கழக்கூட்டம் பக்கம் போக வேண்டும். அது மத்திய அரசின் விளையாட்டு ஆணையத்தின் கீழ் உள்ள இடம், முன்கூட்டி அனுமதி வாங்காமல் கேட்டைத் தாண்ட முடியாது.

பயிற்சி பெரும்பாலும் விடியற்காலையிலும் மாலையிலும்தான். முதல்முறை போகிறவர்கள் மாலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையில் உடற்பயிற்சியும் ஓட்டமும் அதிகம் இருக்கும். பந்தோடு ஆடும் ஆட்டம் மாலையில் கூடுதலாகக் கிடைக்கும்.

வாசலில்

யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று எந்த அணியும் பயிற்சியைத் திறந்து வைப்பதில்லை. அனுமதி சொல்ல வேண்டியவர் கோச். செக்யூரிட்டி உள்ளே விட்டுவிட்டார் என்பதால் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். முந்தைய நாளே ஃபோனில் கேட்டுவிடுவது மரியாதை. அது முடியாவிட்டால் பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் போய், "சார், களியக்காவிளையிலேர்ந்து வாறோம், பிள்ளைகளும் கூட உண்டு, ஓரமா இருந்து பாத்துட்டுப் போலாமா?" என்று கேளுங்கள். மலையாளத்தில் கேட்பதென்றால் "பிராக்டீஸ் காணான் பற்றுமோ?" என்றாலே போதும். நம் பக்கத்துப் பேச்சு அவர்களுக்கு நன்றாகவே புரியும். பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தனியாகப் போகும் ஆண்கள் யார், எதற்கு வந்தார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பெண்கள் அணியைப் பொறுப்பேற்ற ஒருவர் அந்த அளவு கவனமாகத்தான் இருக்க வேண்டும்.

இன்று வேண்டாம் என்று கோச் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். போட்டிக்கு முந்தைய நாட்களில் புது ஆட்டமுறையைப் பழகிக்கொண்டிருப்பார்கள், வெளியாட்கள் பார்ப்பதை விரும்ப மாட்டார்கள். இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள் என்று கேட்டு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

உட்காரும் இடம்

வளையத்துக்குப் பின்னால் உட்கார வேண்டாம், தவறிய பந்து நேராக அங்கேதான் வரும். நீளவாட்டில், நடுக்கோட்டுக்கு எதிரே, இரண்டு மூன்று படி மேலே இருந்தால் பத்துப் பேரும் ஒன்றாகக் கண்ணில் படுவார்கள். மரத்தரை என்றால் வெளியே நடந்த செருப்போடு தரையை மிதிக்கக் கூடாது. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தினாலும் உடனே சொல்லித் துடைக்க வையுங்கள். வேகமாக வந்து திரும்பும் கால் ஈரத்தில் வழுக்கினால் ஒரு வருட ஆட்டம் போய்விடும். பெண்கள் கூடைப்பந்தில் முழங்கால் தசைநார் அறுந்துபோவது ஆண்களைவிட அதிகமாக நடக்கிறது.

எதைப் பார்ப்பது

நிதானமாகப் பார்க்க வேண்டிய பகுதி இதுதான்.

முதல் அரை மணி நேரம் வார்ம்-அப். பெரும்பாலானவர்கள் இந்த நேரத்தில் சாயா குடிக்கப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். குதித்து இறங்கும் பயிற்சி வரும்போது முழங்காலைக் கவனியுங்கள். இரண்டு காலிலும் சமமாக, முழங்கால் உள்ளே மடங்காமல், இடுப்பைத் தாழ்த்தி இறங்குவார்கள். மேலே சொன்ன முழங்கால் காயத்தைத் தடுக்கும் வழி இது. வீட்டில் ஆடும் பிள்ளை இருந்தால், அன்று கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இந்த இறங்குமுறைதான்.

அப்புறம் லே-அப். ஓடி வந்து இரண்டு காலடி வைத்து எழும்பிப் பந்தைப் பலகையில் தட்டி வளையத்துக்குள் விடுவது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் செய்வதுதான், ஆனால் இவர்கள் இடது பக்கம் வந்தால் இடது கையால் போடுவார்கள். அந்த வித்தியாசத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அதோடு, பந்து உள்ளே விழுந்தபின் அடுத்தவர் அதைத் தரையில் விழவிடாமல் பிடிக்கிறாரா என்று பாருங்கள். நல்ல அணியில் பந்து தரையைத் தொடாது.

அடுத்து வருவது தடுப்பாட்டப் பயிற்சி. ஷெல் டிரில் என்பார்கள். நாலு பேர் வெளியே நின்று பந்தைக் கைமாற்றுவார்கள், நாலு பேர் தடுப்பார்கள். பந்து ஒவ்வொரு கைக்கும் போகும்போது தடுக்கும் நாலு பேருமே நகர வேண்டும். பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் ஒருவர் கை நீட்டி நிற்பார். அவருக்கு இருபுறமும் இருப்பவர்கள் பாஸ் போகும் வழியை மறிப்பார்கள். பந்துக்குத் தொலைவில் இருப்பவர் தன் ஆளை விட்டுவிட்டு வளையத்துக்குப் பக்கம் உள்ளே இறங்கி நிற்பார். புதிதாகப் பார்க்கிறவருக்கு அவர் சும்மா நிற்பதுபோலத் தெரியும். ஆனால் முன்னால் நிற்பவரைத் தாண்டி யாராவது உள்ளே புகுந்தால் முதலில் பாய வேண்டியவர் அவர்தான். பந்தை மறந்துவிட்டு அந்த ஒருவரின் காலை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். பந்து மாறும் ஒவ்வொரு முறையும் அவர் இரண்டடி, மூன்றடி இடம் மாறிக்கொண்டே இருப்பார். போட்டியில் யாரும் கை தட்டாத உழைப்பு அது. இதைப் பார்க்கப் பழகிவிட்டால் அப்புறம் எந்த ஆட்டமும் பழையபடி தெரியாது.

காதையும் திறந்து வையுங்கள். நல்ல அணியின் பயிற்சி சத்தமாக இருக்கும். "பால், பால்!", "ஹெல்ப்!", "ஸ்க்ரீன் லெஃப்ட்!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஸ்க்ரீன் என்பது தன் அணிக்காரரைத் தடுப்பவர் வரும் வழியில் அசையாமல் நின்று மறிப்பது. முதுகுக்குப் பின்னால் ஸ்க்ரீன் வருவது தடுப்பவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் குரல் கொடுத்தால்தான் தப்பிக்கலாம். யார் அதிகமாகப் பேசுகிறார்கள் என்று கவனித்தால், கேப்டன் யாரென்று கேட்காமலே தெரிந்துவிடும்.

கடைசியில் அணியை இரண்டாகப் பிரித்து ஆட விடுவார்கள். தாக்கும் அணி 24 வினாடிக்குள் பந்தை வளையத்துக்கு எறிய வேண்டும் என்பது விதி. கோச் நடுவில் விசில் ஊதினால் எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அந்த நொடியைத் தவறவிடாதீர்கள். யார் எங்கே நின்றிருக்க வேண்டும், எங்கே நிற்கிறார் என்று கோச் காட்டுவார். முதலில் நீங்களே ஊகித்துப் பாருங்கள், பிறகு அவர் சொல்வதைக் கேளுங்கள். போகப் போக உங்கள் ஊகமும் அவர் சொல்வதும் ஒத்துப்போகும்.

பெண்கள் அணிக்கு எதிராகப் பையன்களை ஆட வைத்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். டபிள்யூஎன்பிஏ அணிகளும் பயிற்சிக்கு ஆண்களைக் கூப்பிடுகின்றன. உயரமும் வேகமும் கூடுதலான எதிரணியோடு பழகினால் போட்டியில் எளிதாக இருக்கும், சக வீராங்கனைகளும் மாறி மாறி எதிரணியாக ஆடிக் களைத்துப்போக மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து வியர்வையில் நனைந்து மூச்சு வாங்கும் நேரத்தில் ஃப்ரீ த்ரோ போடச் சொல்வார்கள். பலகையிலிருந்து 4.6 மீட்டர் தூரத்தில், தடுக்க யாருமில்லாமல் எறிவது. ஓய்வாக இருக்கும்போது இது சுலபம். களைத்த காலோடு போடுவதற்குத்தான் பயிற்சி, ஏனென்றால் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அப்படித்தான் போட வேண்டியிருக்கும். ஒவ்வொருவரும் எறியும் முன் செய்யும் சின்னச் சடங்கைப் பாருங்கள். ஒருவர் பந்தை மூன்று முறை தட்டுவார், ஒருவர் மூச்சை இழுத்து விடுவார். தவறினாலும் அது மாறாது.

ஃபோனைப் பைக்குள் வையுங்கள்

இதை அழுத்தமாகவே சொல்கிறேன். கோச்சும் வீராங்கனைகளும் சரி என்று சொல்லாமல் படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது. இவர்கள் உடலை வளைத்துப் பயிற்சி செய்யும் நேரத்தில் எடுத்த வீடியோ எங்கே போகும், யார் என்ன எழுதுவார்கள் என்பது எடுத்தவர் கையில் இல்லை. ஒரு மைதானத்தில் ஒருவர் ஜூம் செய்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வீராங்கனை அதைப் பார்த்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினார், கோச் மொத்த கேலரியையும் வெளியேற்றினார். அன்று தூரத்திலிருந்து வந்திருந்த பிள்ளைகளும் வெளியே போக வேண்டியதாயிற்று. கோச் செய்தது சரி. ஸ்டேட்டஸில் போட ஒரு படம் வேண்டுமென்றால் எல்லாம் முடிந்தபின் கேட்டு, அவர்கள் ஜெர்சியோடு நிற்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

மேலே இருந்து யோசனை சொல்வதும் வேண்டாம். "ஷூட் பண்ணு, ஷூட் பண்ணு" என்று கத்துவது போட்டியில் சரி. பயிற்சியில் கோச்சின் குரல் மட்டும்தான் கேட்க வேண்டும். நல்லதொரு அசைவுக்குக் கை தட்டலாம், அதை அவர்கள் விரும்பவே செய்வார்கள்.

முடிந்ததும்

கடைசி விசிலோடு ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். தசைகளை நீட்டித் தளர்த்துவது, முழங்காலுக்கு ஐஸ் வைப்பது எல்லாம் பயிற்சியின் பகுதிதான். அது முடியட்டும். அப்புறம் கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிள்ளைகளை முன்னால் அனுப்புங்கள். தமிழ்ப் பெண்ணென்றால் "அக்கா", மலையாளியென்றால் "சேச்சி". செல்ஃபிக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுங்கள். "இடது கையிலே பந்து தட்டிக்கிட்டு ஓட எப்படிப் பழகுனீங்க சேச்சி?" என்று ஒரு பிள்ளை கேட்டால், களைப்பில் இருக்கிறவரும் பந்தைக் கையில் எடுத்துவிடுவார். இரண்டு நிமிடம் போதும். அவர்களுக்கும் வீட்டுக்குப் போகப் பஸ் பிடிக்க வேண்டும்.

பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டால்

முதலில் பந்து. பெண்கள் கூடைப்பந்துக்கு 6-ம் எண் பந்து, சுற்றளவு ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். ஆண்களின் 7-ம் எண் பந்து அதைவிடப் பெரியது, எடையும் கூடுதல். பல பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கும் 7-ம் எண் பந்தையே கொடுத்துவிடுகிறார்கள். சின்னக் கைக்கு அது பிடிபடாமல், எறியும் முறையே கெட்டுப்போகிறது. கடையில் வாங்கும்போது பந்தின் மேலேயே எண் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். ரொம்பச் சின்னப் பிள்ளையென்றால் 5-ம் எண்.

அடுத்தது எந்த மாநிலம் என்ற கேள்வி. எல்லையில் இருக்கிற நமக்கு இது முக்கியம். பள்ளி அணித் தேர்வுகள் பிள்ளை படிக்கும் பள்ளி இருக்கும் மாநிலத்தின்படி நடக்கும். வீடு களியக்காவிளையில் இருந்து, பள்ளி பாறசாலையில் இருந்தால் கேரளப் பள்ளித் தேர்வுகளுக்குத்தான் போக முடியும். தமிழ்நாட்டில் படிக்கிறவர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் இருக்கின்றன. கேரளத்தில் படிக்கிறவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கவுன்சில் விடுதிகளும் திருவனந்தபுரத்தில் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியும் உண்டு. தேர்வு அறிவிப்பு பெரும்பாலும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்னால் வரும். பிப்ரவரியிலிருந்தே பிடி டீச்சரிடம் கேட்டுக்கொண்டிருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், உயரமும் எடையும் குறித்த மருத்துவச் சான்று, ஏற்கெனவே ஆடிய போட்டிகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். பெயரின் எழுத்து ஒரு சான்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். ஒன்று மலையாளத்திலிருந்தும் மற்றொன்று தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்குப் போன பெயர்களில் இந்தச் சிக்கல் நம் பக்கம் நிறையவே உண்டு, தேர்வு நாளன்று அதைச் சரிசெய்ய வழியிருக்காது.